ஆர்க்கிட் வளர்க்க யார் சொல்வதைக் கேட்பது, எதற்குக் காசு கொடுப்பது

பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது? இணையத்தில் தேடிப் பாருங்கள். வாரம் ஒருமுறை என்பார் ஒருவர். தினமும் என்பார் இன்னொருவர். வேர் வெளுக்கும்வரை தொடவே கூடாது என்பார் மூன்றாமவர். வாரத்துக்கு மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ வரும். புதிதாகச் செடி வாங்கியவருக்குத் தலை சுற்றும்.

இந்த நான்கு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. குளிர் நாட்டு வீட்டுக்குள், பிளாஸ்டிக் தொட்டியில், ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாசியில் (ஸ்பாக்னம் மாஸ்) வளர்ப்பவருக்கு வாரம் ஒருமுறையே அதிகம். சென்னை மொட்டை மாடியில், மண் தொட்டியில், வெறும் கரித்துண்டில் வளர்ப்பவருக்கு மே மாதத்தில் ஒரு வேளை ஊற்றினால் பற்றாது.

அதனால் ஓர் ஆலோசனை கண்ணில் பட்டதும், எந்தச் செடி, எந்த ஊர், எதில் நட்டது, என்ன தண்ணீர் என்ற நான்கையும் சொல்கிறாரா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சொல்லாவிட்டால், எவ்வளவு அழகாகப் பேசினாலும், எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும், அது யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டில் நாம் மாத்திரை வாங்குவது போலத்தான்.

தமிழ்நாட்டுச் சமவெளியில், வீட்டுப் பால்கனியிலோ மாடியிலோ ஆரம்பிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் செடித் தேர்வே வேறு. ஆனால் ஆலோசனையைச் சலித்தெடுக்கும் முறை அவர்களுக்கும் இதுதான்.

1. செடியின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

ஆர்க்கிட் குடும்பத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கை இனங்கள் உண்டு. கலப்பினங்கள் அதைவிடப் பல மடங்கு. ‘ஆர்க்கிட்டுக்கு என்ன உரம்?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும்.

பெயர்ச்சீட்டு இல்லாவிட்டாலும் பேரினத்தை, அதாவது எந்தப் பெரிய வகை என்பதை, கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். நாக்கு போல அகலமான தடித்த இலைகள் நாலைந்து, தண்டே தெரியாமல் அடுக்கியிருந்தால் பெலனாப்சிஸ். கரும்பு மாதிரி கணுக்கணுவாகத் தண்டுகள் நின்றால் டென்ட்ரோபியம். இரண்டு பக்கமும் வரிசையாக வார் போன்ற இலைகள், கீழே தடித்த வேர்கள் அந்தரத்தில் தொங்கினால் வாண்டா. நம் ஊர் நர்சரிகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

சீட்டு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கலப்பின ஆர்க்கிட்டுகளின் பெயர்களை உலக அளவில் பதிவு செய்வது இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி. 1961 முதல் இந்தப் பணி அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். சீட்டில் உள்ள பெயரைப் போட்டால் தாய் எது, தகப்பன் எது என்று வரும். பெற்றோர் வெப்ப மண்டலச் சமவெளிச் செடியா, மலைச் செடியா என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

டென்ட்ரோபியத்தில் இது ரொம்ப முக்கியம். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஊதா, வெள்ளைக் கலப்பினங்கள் வெயில் ஊருக்கு ஏற்றவை. நோபிலே வகையும் டென்ட்ரோபியம்தான், ஆனால் அது பூக்கக் குளிர்காலமும், அப்போது தண்ணீரைக் குறைத்து ஓய்வு தருவதும் தேவை. திருச்சியிலோ மதுரையிலோ அது பூ விடுவதற்குப் பதிலாகக் கணுக்களில் குட்டிச் செடிகளாக விட்டுக்கொண்டிருக்கும். ‘டென்ட்ரோபியம் வளர்ப்பு’ என்று தலைப்பு வைத்துவிட்டு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத வழிகாட்டியை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

2. உங்கள் இடத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள்

வெளிச்சம், தண்ணீர், காற்று, மழை இந்த நான்கும் போதும். ஆனால் கொஞ்சம் அளந்து எழுத வேண்டும்.

வெளிச்சத்துக்குக் கைப்பேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலி ஒன்று போதும். துல்லியமாக இருக்காது, குத்துமதிப்பாகத் தெரிந்தால் சரி. உச்சி வெயில் கிட்டத்தட்ட 1 லட்சம் லக்ஸ். பெலனாப்சிஸ் கேட்பது 10 ஆயிரம் முதல் 15 ஆயிரம்தான். வெயில் ஊர் டென்ட்ரோபியத்துக்கு அதைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், வாண்டாவுக்கு இன்னும் கூட. வெளிநாட்டுப் பக்கங்கள் ஃபுட் கேண்டில் என்ற அளவில் சொல்லும். அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய லக்ஸ் வந்துவிடும்.

திசை விஷயத்தில்தான் வெளிநாட்டு ஆலோசனை நம்மை நன்றாகக் குழப்பும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே போகும். அதனால் தெற்கு ஜன்னல் வெயில், வடக்கு ஜன்னல் நிழல் என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். சென்னை இருப்பது சுமார் 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட காலத்தில், அதாவது நம் கொடும் வெயில் காலத்தில், அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். வடக்குப் பால்கனிதான் பாதுகாப்பு என்று பெலனாப்சிஸை அங்கே வைத்தால் மே, ஜூனில் இலை வெந்துபோகும். தெற்குப் பால்கனிக்கு நேர் வெயில் வருவது ஐப்பசி முதல் மாசி வரை. இதை உங்கள் வீட்டிலேயே நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

தண்ணீருக்கு, அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்க்கிட்டுக்காக நீங்கள் வாங்கும் முதல் சாமான் இதுவாக இருக்கட்டும். 200-க்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 500-ஐத் தாண்டினால் உப்பு சேர்ந்து வேர் நுனி கருக ஆரம்பிக்கும், பெலனாப்சிஸ்தான் முதலில் அழும். சென்னைப் புறநகர் போர்த் தண்ணீர் பல இடங்களில் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ‘ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்’ என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. சிக்கன புத்தி நல்லதுதான். ஆனால் அது உப்பைப் பிரித்து வெளியே தள்ளிய தண்ணீர், போரில் வந்ததைவிட உப்பு அதிகம். ஆர்க்கிட்டுக்கு ஆகவே ஆகாது. மழைத் தண்ணீர் முதல் தரம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு. சிலர் அதைப் பிடித்துப் போர்த் தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறார்கள், நல்ல உத்தி.

மழை எந்த மாதம் என்பதையும் எழுதுங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

3. இலவசமாகக் கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்

நல்ல சரக்கு நிறையவே காசில்லாமல் கிடக்கிறது. 1921-இல் தொடங்கிய அமெரிக்கன் ஆர்க்கிட் சொசைட்டி ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒன்றிரண்டு பக்கத்தில் வளர்ப்புக் குறிப்பு போட்டிருக்கிறது. வெளிச்சம், வெப்பம், தண்ணீர், உரம், மறுநடவு என்று வரிசையாகச் சொல்லும். இதைவிடச் சுருக்கமாகவும் பொறுப்பாகவும் எழுதியதை நான் பார்த்ததில்லை. அதில் உள்ள வெப்ப அளவும் வெளிச்ச அளவும் எங்கும் பொருந்தும். தண்ணீர் இடைவெளியையும் ஜன்னல் திசையையும் மட்டும் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இயற்கை இனம் என்றால் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டு, செடியின் சொந்த ஊர் எது என்று பாருங்கள். அந்த ஊரின் மழை, குளிர் விவரத்தைத் தேடி உங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு மின்னூல் சொல்வதைவிட அதிகம் தெரியும்.

நம் நாட்டில், ஐ.சி.ஏ.ஆரின் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் சிக்கிம் மாநிலம் பாக்யோங்கில் 1996 முதல் இயங்குகிறது. நோய், பூச்சி, ஊட்டம் பற்றி அவர்கள் சொல்வதை நம்பலாம். ஆனால் அது இமயமலை அடிவாரக் குளிர். அவர்கள் அதிகம் பேசும் சிம்பிடியம் என்ற குளிர் ஊர் ஆர்க்கிட் நம் சமவெளியில் பூக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தமிழிலேயே மலர்ச் சாகுபடிக் குறிப்புகள் உள்ளன. அவை நிழல்வலைக் குடில் போட்டுப் பூவை விற்பவர்களுக்காக எழுதியவை. நிழலின் அளவு, நடும் ஊடகம் (கரி, பட்டை, பாசி போன்றவை), உர அளவு போன்றவற்றை எடுத்துக்கொண்டு, விளைச்சல் கணக்கை விட்டுவிடுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நம் மலைகளின் செடிகள் எதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன என்று நேரில் பார்க்கலாம்.

அப்புறம் மனிதர்கள். லண்டன்காரரைவிட பாங்காக், சிங்கப்பூர், கேரளக்காரர்கள் சொல்வது நமக்கு நெருக்கம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1928 முதல் ஆர்க்கிட் கலப்பினம் உருவாக்கி வருகிறது. வெயில் தாங்கும் செடிகளில் அவர்களுக்கு அனுபவம் அதிகம். ஆனால் அங்கே வறண்ட மாதம் என்று ஒன்று கிடையாது. கேரளத்தில் வீட்டுக்கு வீடு டென்ட்ரோபியம் வைத்திருக்கிறார்கள், மலையாள வீடியோக்களில் நல்ல கைப்பக்குவம் பார்க்கலாம். மழைக்காலம்தான் சிக்கல். அவர்களுக்குப் பெருமழை ஜூனில். ‘ஜூன் வந்துவிட்டது, தண்ணீரை நிறுத்துங்கள், பூஞ்சை மருந்து தெளியுங்கள்’ என்று அவர்கள் சொல்லும்போது சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். நமக்கு அந்த அறிவுரை பொருந்துவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். யாழ்ப்பாணத்துக்கும் அப்படித்தான். மாதத்தைக் கழித்துவிட்டு ‘தொடர் மழையில்’ என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

செடி விற்றவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். விற்பவர் என்பதாலேயே அவர் சொல்வது பொய்யாகிவிடாது, தினமும் நூறு செடியைப் பார்க்கிறவர். ‘எப்படி வளர்க்கணும்?’ என்று கேட்காமல், ‘அண்ணே, இந்தச் செடி இங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு? இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு? நீங்க என்ன தண்ணி ஊத்துறீங்க?’ என்று கேளுங்கள். நம் சந்தையில் தாய்லாந்திலிருந்து வரும் செடிகள் நிறைய. போன வாரம் இறங்கிய செடி உங்கள் வீட்டில் இலை உதிர்த்தால் அது உங்கள் கைராசி இல்லை, ஊர் மாறிய அலுப்பு.

4. உடனே கழித்துக் கட்டக்கூடியவை

சில விஷயங்களை ஒருவர் சொன்னாலே அவர் ஆர்க்கிட் வளர்த்தவர் இல்லை என்று தெரிந்துவிடும்.

முதலாவது விதை. ‘நீல ஆர்க்கிட் விதை, 50 விதை ஒரு பாக்கெட்’ என்று விற்பார்கள், மண்ணில் தூவும் முறையையும் சொல்லித் தருவார்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், ஒரே காயில் லட்சக்கணக்கில். உள்ளே முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். இன்றும் கிருமி நீக்கிய புட்டிக்குள் ஆய்வகத்தில்தான் செய்கிறார்கள். அப்படி முளைத்தது பூக்க வருடக்கணக்கில் ஆகும். பாக்கெட்டில் வருவது ஏதோ கீரை விதையாக இருந்தால் அதிர்ஷ்டம், குழம்புக்காவது ஆகும்.

இரண்டாவது நீலம். அடர் நீலப் பெலனாப்சிஸ் வெள்ளைச் செடியின் பூத்தண்டில் சாயம் ஏற்றியது. அடுத்த முறை வெள்ளையாகவோ வெளிறிய நீலமாகவோதான் பூக்கும். அது நீலமாகவே பூக்க உரம் சொல்லித் தருகிறவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

மூன்றாவது, ‘30 நாளில் பூ’. பெலனாப்சிஸ் பூத்தண்டு தலைகாட்டியதிலிருந்து முதல் பூ விரியவே சாதாரணமாக இரண்டரை, மூன்று மாதம் ஆகும். அந்தத் தண்டு கிளம்ப, சில வாரங்கள் வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னையில் அந்தச் சூழல் மார்கழி, தையில்தான் ஓரளவு அமையும். பூண்டுத் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் எதை ஊற்றினாலும் சித்திரையில் பெலனாப்சிஸ் தண்டு விடாது. இந்த வீடியோக்களில் ‘முன்’, ‘பின்’ காட்சிகளை நிறுத்திப் பாருங்கள். இலை எண்ணிக்கை, இலையில் உள்ள தழும்பு, தொட்டியின் விளிம்பு இவற்றை ஒப்பிட்டால், பல நேரம் செடியே வேறாக இருக்கும். அரிசித் தண்ணீரும் பழத்தோலும் சும்மா இருந்தாலும் பரவாயில்லை; கரியிலும் பாசியிலும் புளித்து, பூஞ்சையையும் சின்னக் கொசுப் பூச்சியையும் கூட்டிக்கொண்டு வரும்.

நான்காவது, வைரஸுக்கு மருந்து. ஆர்க்கிட்டைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்களுக்கு வீட்டில் செய்யும் சிகிச்சை எதுவும் கிடையாது. செடியைத் தனியாக்குவது, கத்தரியை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் செடியை அப்புறப்படுத்துவது அவ்வளவுதான். ‘குணப்படுத்தும் கரைசல்’ விற்பவர் உங்கள் மற்ற செடிகளுக்கும் ஆபத்து.

காட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. ‘கொல்லிமலைப் பக்கம் மரத்தில் இருக்கும், பட்டையோடு உரித்து வாருங்கள்’ என்பார்கள். காப்புக் காட்டில் செடி பறிப்பது குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பாபியோபெடிலம் வகைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டவை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழும் வருகிறது. இதை அறியாமல் ஒருவர் ஆர்க்கிட் வகுப்பு எடுக்க முடியாது.

ஐஸ் கட்டிக்கு மட்டும் வேறு மாதிரி பதில். அதைக் கேட்டவுடன் சிரிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். மரப்பட்டையில் நட்ட பெலனாப்சிஸுக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்ததில், அதே அளவு தண்ணீர் ஊற்றியதோடு ஒப்பிட வேருக்கோ பூவுக்கோ கெடுதல் தெரியவில்லை. ஆக, அது கட்டுக்கதை இல்லை. ஆனால் பட்டையில் நட்ட செடி, வீட்டுக்குள், மிதமான வெப்பத்தில். நம் மாடியில் கரியில் நிற்கும் செடிக்கு அந்த மூன்று கட்டி தொண்டை நனையாது. ஆதாரம் உள்ள ஆலோசனைக்கும் ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது.

5. காசு கேட்கும் வழிகாட்டியை எடைபோடுவது

மின்னூல், பதிவு செய்த வகுப்பு, வாட்ஸப் குழுச் சந்தா என்று பல வடிவங்களில் வருகிறது. எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் வளர்த்த ஒருவர் தன் நேரத்துக்குக் காசு கேட்பது நியாயம். ஆனால் புதியவர் முதல் வருடத்தில் மின்னூல் வாங்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஒரு டென்ட்ரோபியம் செடியின் விலையைவிட அதிகம் கேட்கும் மின்னூலைப் பார்த்தால், அந்தக் காசுக்கு இரண்டாவது செடி வாங்கி வேறு ஊடகத்தில் நட்டுப் பாருங்கள் என்பேன்.

வாங்கியே தீருவது என்றால், முதலில் எழுதியவர் யார் என்று பாருங்கள். பெயர், ஊர், அவருடைய செடிகள். படங்களில் ஒரே தொட்டி வெவ்வேறு மாதங்களில் வருகிறதா? படங்களைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். நான்கு நாட்டுத் தளங்களில் அதே படம் இருந்தால் அது அவர் செடி இல்லை.

அடுத்து பொருளடக்கம். நூறு பக்கத்தில் முப்பது பக்கம் ஆர்க்கிட்டின் வரலாறும் பூக்களின் அழகும் போனால் அது இட்டு நிரப்பியது. வேர் பற்றி எத்தனை பக்கம் என்று தேடுங்கள். ஆர்க்கிட் வளர்ப்பே வேர் வளர்ப்புதான். காய்ந்தால் வெள்ளியாகவும் நனைந்தால் பச்சையாகவும் மாறுவது உயிருள்ள வேர், பிதுக்கினால் தோல் மட்டும் கையோடு வருவது அழுகியது. இதைப் படத்தோடு காட்டாத புத்தகம் எதற்கு? அழுகிய வேர், வெந்த இலை, சோர்ந்த தண்டு இவற்றின் படங்கள் நிறைய இருக்கிற வழிகாட்டி, பூப்படங்கள் நிறைந்ததைவிட மேல்.

மாதிரிப் பக்கம் கிடைத்தால் உரப் பகுதியைப் படியுங்கள். ‘19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில்), லிட்டருக்கு 1 கிராம் அல்லது அதற்கும் குறைவு, நனைத்த வேருக்கு, இடையிடையே வெறும் தண்ணீரில் அலச வேண்டும்’ என்று அளவோடு இருந்தால் எழுதியவர் கை நனைத்தவர். ‘நல்ல உரம் கொஞ்சம் போடவும்’ என்றால் இல்லை. பூச்சிமருந்துப் பகுதியும் அப்படித்தான்: எந்தப் பூச்சிக்கு என்று சொல்லாமல் வயல் மருந்தைப் பால்கனியில் அடிக்கச் சொல்பவர் குழந்தைகள் இருக்கும் வீட்டைப் பார்த்ததில்லை.

இப்போது இயந்திரம் எழுதிய மின்னூல்களும் கலந்து வருகின்றன. மொழி வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கத்தில் ‘தினமும் இலை மேல் தெளியுங்கள்’ என்றும் இன்னொரு பக்கத்தில் ‘இலைக் குருத்தில் ஈரம் தங்கினால் அழுகும்’ என்றும் இருக்கும். இரண்டுக்கும் காலை வேளை, காற்றோட்டம் என்று ஒரு இணைப்பு உண்டு, அதைச் சொல்லியிருக்காது. படங்களில் பெலனாப்சிஸ் பூவுக்கு டென்ட்ரோபியம் தண்டு முளைத்திருக்கும்.

இவ்வளவுக்கும் மேலாக நான் நம்புவது ஒரு சின்னச் சோதனையை. காசு கட்டும் முன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘வணக்கம் மேடம். நான் திருச்சி. வெயில் ஊர் டென்ட்ரோபியம், மண் தொட்டி, கரித்துண்டு. போர்த் தண்ணி, டி.டி.எஸ் 700. கிழக்குப் பால்கனி. புதுத் தண்டு வருது, ஆனா போன தண்டைவிடக் குட்டையா இருக்கு. உங்க புத்தகத்துல இதுக்கு வழி இருக்குங்களா?’

‘எல்லாமே இருக்குங்க, இன்னைக்கு மட்டும் பாதி விலை’ என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். ‘கரி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? வெயில் எத்தனை மணி வரைக்கும் வருது? ஒரு வேர்ப் படம் அனுப்புங்க’ என்று திருப்பிக் கேட்டால், அவருக்குக் காசு கொடுக்கலாம். புத்தகத்துக்குப் பதிலாக அவர் நேரடி வகுப்பு நடத்துகிறாரா என்றுகூடக் கேட்பேன். உங்கள் செடியைப் பார்த்துப் பேசும் அரை மணி நேரம், யாருக்கும் பொருந்தும்படி எழுதிய நூறு பக்கத்தைவிட உபயோகம்.

விற்கும் பக்கத்தில் ஓடும் கடிகாரம், ‘இன்னும் 3 பிரதிகள்தான்’ போன்ற வரிகளைக் கண்டால் சிரித்துவிட்டு நகருங்கள். மின்னூலில் பிரதி எப்படித் தீரும்? இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. பணம் திரும்பத் தரும் விதி எழுத்தில் இருக்கிறதா, புகாருக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று பார்த்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பி வாட்ஸப்பில் வாங்கிய கோப்புக்குப் பணத்தைத் திரும்ப வாங்குவது நடைமுறையில் பெரும்பாடு. அந்த வழியில் வாங்கினால், போனாலும் வருந்தாத தொகையாக இருக்கட்டும்.

6. ஒரு செடியில் மட்டும் செய்து பாருங்கள்

நல்ல ஆலோசனை என்று முடிவு செய்த பிறகும் எல்லாச் செடியிலும் ஒரே நாளில் இறங்க வேண்டாம். ஒரே வகையில் இரண்டு செடி இருந்தால் ஒன்றில் மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்: ஊடகத்தை மாற்றினால் உரத்தையும் இடத்தையும் அப்படியே விடுங்கள். மூன்றையும் மாற்றிவிட்டுச் செடி தேறினால் எதனால் தேறியது என்று உங்களுக்கே தெரியாது.

மாற்றிய தேதியைத் தொட்டியிலேயே ஒரு சீட்டில் எழுதிச் செருகுங்கள். அன்றைக்கு ஒரு படம், அப்புறம் மாதம் ஒரு படம், அதே கோணத்தில். பார்க்க வேண்டியது பூவை இல்லை, வேர் நுனியை. வளரும் காலத்தில் செடிக்குப் பிடித்திருந்தால் ஒன்றரை மாதத்துக்குள் பச்சையோ செம்பழுப்போ ஆன பளபளப்பான நுனி தெரியும். டென்ட்ரோபியத்தில் புதுத் தண்டு பழையதைவிட உயரமாக, தடியாக வருகிறதா என்பதுதான் பரீட்சை முடிவு. அதற்கு ஒரு முழுப் பருவம் ஆகும். வெயில் காலத்தில் நன்றாகப் போன முறை ஐப்பசி மழையில் தோற்கலாம். அதனால் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டும்வரை மற்றச் செடிகளைப் பழைய முறையிலேயே விட்டு வையுங்கள். அதுவரை வேறு யாராவது வாட்ஸப்பில் பூண்டுத் தண்ணீர் அனுப்பினால், அவர் எந்த ஊர், எதில் நட்டிருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.